யார் கொடுத்த முத்தம்

குழந்தை பிறந்த பதினோராம் நாள் காலையில்தான் ரெனிதா அந்தக் கொப்புளங்களைப் பார்த்தாள். மேலுதட்டின் ஓரத்தில் மூன்று, இடது கண்ணுக்குக் கீழே இரண்டு. கடுகளவு இருக்கும். உள்ளே தெளிந்த நீர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியொன்றில் ஆறு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். பழுதான வாஷர் ஒன்று கையில் சிக்கினால், அது எந்த மிஷினில், எந்த ஷிஃப்டில், யார் கை பட்டு அப்படி ஆனது என்று தோண்டி எடுக்காமல் விடமாட்டாள். ஆனால் அன்று, பிள்ளை பெற்ற அசதியில், மாமியாரை மட்டும்தான் கூப்பிட்டாள்.

ஜெயகுமாரி வந்து குனிந்து பார்த்தாள். "பல்லி எச்சம் பட்டுகீது. ரெண்டு நாள்ல தானா உதிந்துடும்."

"டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாமே அத்தை."

"பெரியவரு வரட்டும், கேட்டுக்கலாம்."

பெரியவர் என்றால் ஜேசுராஜ். ரெனிதாவின் கணவன் ஜெர்வினுடைய பெரியப்பா. ஜெர்வினின் அப்பா இறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனைப் படிக்க வைத்து, ஐ.டி.ஐ.யில் சேர்த்து, பஸ் மெக்கானிக் ஆக்கியது அவர்தான். அயனம்பாக்கத்தில் இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அந்தப் பகுதி அன்பியத்துக்கு, அதாவது பங்குக் குடும்பங்கள் ஞாயிறுதோறும் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் குழுவுக்கு, அவரே தலைவர். அந்த வீட்டில் ஒரு மின்விசிறி மாற்றுவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான்.

அவர் வந்தார். பார்த்தார். "சூட்டுக் கொப்புளம்மா. இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? பச்ச ஒடம்புல ஊசியப் போட்டுக்கினு கெடக்கணுமா?" என்றார்.

இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் ரெனிதாவுக்கு இப்போதும் பல் நறநறக்கும்.

பதின்மூன்றாம் நாள் விடியலில் குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. கையைத் தூக்கி விட்டால் துணி போல விழுந்தது. ஜெர்வின் ஐந்து மணி ஷிஃப்டுக்கு டெப்போவுக்குப் போய்விட்டிருந்தான். ரெனிதா குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பெரியவரு வரட்டும்டீ!" என்று மறித்தாள் ஜெயகுமாரி.

"அவரு வரட்டும். நான் போறேன்."

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. திருவேற்காட்டைத் தாண்டி, குமணன்சாவடி நெரிசலில் ஊர்ந்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் புடவை முன்புறம் முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. குடிக்க வேண்டியவள் கண்ணைத் திறக்கவில்லை.

அங்கிருந்த குழந்தை மருத்துவர் கனிமொழி, கொப்புளத்தைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துச்சா? குழந்தைக்கு யாராவது முத்தம் குடுத்தாங்களா?"

ரெனிதாவுக்கு நினைவு வந்தது.

ஐந்தாம் நாள். ஜேசுராஜ் வெள்ளிக் கொலுசோடு வந்திருந்தார். கீழுதட்டில் நீர் கோத்துப் பாதி காய்ந்த புண். குழந்தையைத் தூக்கி, நெற்றி, கண், வாய் என்று மாறி மாறி முத்தமிட்டார். "மாமா, வாயில புண்ணு கீதே, பாப்பாவுக்கு முத்தம் வேணாமே" என்று அவள் சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். அவர் சிரித்தார். ஜெயகுமாரி அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஒன் மாமனாரு செத்தப்புறம் இந்தக் குடும்பத்தத் தூக்கி நிறுத்துனவரு. அவரு முத்தம் குடுத்தா அது ஆசீர்வாதம்டீ." ரெனிதா அதோடு வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடியதற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கொப்புள நீரும், முதுகுத்தண்டு நீரும் சோதனைக்குப் போயின. முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே ஊசி மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஹெர்ப்பிஸ் வைரஸ், முதல் வகை. மூளையைச் சுற்றிய நீரிலும் இருந்தது. இருபத்தொரு நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக மருந்து.

"சரியான நேரத்துல கொண்டாந்தீங்க" என்றார் டாக்டர். சரியான நேரம் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே போய்விட்டது என்று ரெனிதாவுக்குத் தெரியும்.

அன்று மாலை ஜேசுராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் தொங்கிய சீட்டைப் படித்து, அந்தப் பெயரைத் தன் போனில் தட்டிப் பார்த்தார். பிறகு ஜெயகுமாரியை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த மாமியாரின் முகம் வேறாக இருந்தது.

"ரெனி, கல்யாணத்துக்கு முன்னாடி நீ ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தல்ல?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"இது ஒரு மாரியான நோயாமே. தப்பான பழக்கத்துல வர்றதாம். பெரியவரு போன்ல படிச்சாரு. தாய்கிட்டேர்ந்துதான் புள்ளைக்கு வருமாம்."

நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளை, தலையில் ஊசி செருகிய நிலையில், மூக்கில் குழாயோடு கிடந்தது. இந்தப் பக்கம் நின்று அவளிடம் கேட்கப்படும் கேள்வி இது. ரெனிதா ஜேசுராஜைப் பார்த்தாள். அவர் உதட்டிலிருந்த புண் ஆறி, இளஞ்சிவப்பாய் ஒரு தழும்பு மட்டும் மிச்சமிருந்தது. அவர் தூணில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் பட்டியலை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அஞ்சாம் நாளு ஒங்க வாயில புண்ணு இருந்துச்சே."

"எனக்கா? வெத்தல போட்டு வெந்துபோச்சும்மா அது. இத்தோட போயி அத்த முடிச்சு போடாத."

ஜெர்வின் அங்கேதான் நின்றான். கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றான்.

மறுநாள் காலை ரெனிதா டாக்டர் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எனக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர். இது என்கிட்டேர்ந்து வந்துச்சா இல்லையான்னு எனக்கு எழுத்துல வேணும்."

கனிமொழி நிமிர்ந்து பார்த்தார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரே கூப்பிட்டனுப்பினார்.

"உங்க ரத்தத்துல இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் துளிகூட இல்ல. முதல் வகைக்கும் இல்ல, ரெண்டாம் வகைக்கும் இல்ல. உங்களுக்கு இது வந்ததே இல்லன்னுதான் அர்த்தம்."

ரெனிதா அப்போதுதான் உட்கார்ந்தாள். "ஒரு முத்தத்துல எப்படி டாக்டர் உள்ள போவும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் நாலு பேருக்குச் சொல்லணும்."

டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வட்டம் ஒன்று வரைந்தார். அதைச் சுற்றி முட்கள்.

"இந்த வைரஸைச் சுத்திக் கொழுப்பால ஒரு உறை இருக்கு. அதுல புரதங்கள் இப்படிக் குத்திட்டு நிக்கும். முதல்ல அது நம்ம செல்லு மேல இருக்கிற சர்க்கரைச் சங்கிலிகள்ல லேசா ஒட்டிக்கும். அப்புறம் 'டி'னு ஒரு புரதம், நம்ம செல்லுல இருக்கிற நெக்டின்ங்கிற புரதத்தைத் தேடிப் பிடிச்சுக்கும்."

"அது இன்னாத்துக்கு நம்ம செல்லுல இருக்கு?"

"பக்கத்துப் பக்கத்துச் செல்லுங்க ஒண்ணையொண்ணு கை கோத்துக்கிறதுக்கு."

"கை கோக்க வெச்சிருக்கிறதையா அது பிடிக்குது?" ரெனிதாவின் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு வைரஸின் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"ஆமா. பிடிச்ச உடனே 'டி'யோட உருவம் மாறும். அந்த மாற்றம் 'எச்', 'எல்'னு சேர்ந்தே இருக்கிற ஒரு ஜோடிக்குப் போகும். அந்த ஜோடி 'பி'ங்கிற இன்னொண்ணைத் தூண்டிவிடும். 'பி' நீண்டு நம்ம செல்லோட சவ்வுல குத்தி, அப்படியே மடங்கி, வைரஸ் உறையையும் நம்ம சவ்வையும் இழுத்து ஒண்ணாக்கிடும். வழி திறந்துடும். உள்ள இருக்கிறது இறங்கிடும். இதுல ஏதாவது ஒண்ணைத் தடுத்தாலும் உள்ள போறது கஷ்டம்."

"தடுக்க முடியுமா?"

கனிமொழி பேனாவை வைத்துவிட்டார். இதைச் சொல்வதற்கு அவருக்குத் தயக்கமாக இருந்தது தெரிந்தது. "தாய்க்கு எப்பவோ இந்த வைரஸ் வந்துபோயிருந்தா, அவங்க ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கும். அது இந்தப் புரதங்கள் மேல போய் அப்பிக்கும். குழந்தை வயித்துல இருக்கும்போதே தாய்கிட்டேர்ந்து அது குழந்தைக்கும் போயிருக்கும். முழுசாத் தடுக்கும்னு சொல்ல முடியாது. ஆனா பெரிய காவல். உங்ககிட்ட அது இல்ல. அதனால பாப்பாகிட்டயும் இல்ல."

ரெனிதா தாளில் இருந்த அந்த முள் வட்டத்தைப் பார்த்தாள். மாமியாரும் பெரியவரும் சொல்கிற அந்த நோய் அவளுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்குக் காவல் இருந்திருக்கும். இல்லாததால்தான் பிள்ளை இப்படிக் கிடக்கிறது. இல்லாத ஒன்றுக்காகத்தான் அவள் நடைபாதையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் டாக்டர். "ரொம்பப் புதுசா வந்திருந்தா இந்த டெஸ்ட்ல தெரியாது. எட்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அப்பவும் இல்லன்னா சந்தேகமே இல்ல. அதுவரைக்கும் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். கொப்புளம் காஞ்சு உதிர்ற வரைக்கும் கையுறை போட்டுத் தூக்குங்க. முத்தம் வேணாம். பாப்பாகிட்டேர்ந்து உங்களுக்கு வந்துடலாம்."

வந்தால் எட்டாவது வாரம் ரத்தத்தில் தெரியும். தெரிந்தால் இந்த ஜென்மத்துக்கும் அவள் பேச்சு எடுபடாது. கையுறை போட்டுக்கொண்டு பெற்ற பிள்ளையின் பாதத்தைத் தொடும்போதெல்லாம் ரெனிதாவுக்கு ஆத்திரம் வந்தது. யாரோ கொடுத்த முத்தத்துக்காக, அவள் கொடுக்க வேண்டிய முத்தமெல்லாம் நிறுத்தப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறாம் நாள், பக்கத்து வீட்டு மங்களம் ரசம் சாதம் கட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ரெனி, சொல்றேன்னு கோச்சுக்காத. ஞாயித்துக்கெழம ஒங்க ஊட்டு செபக் கூட்டத்துல, தாயி பண்ண தப்புல புள்ளைக்கு வந்த நோவு, அல்லாரும் வேண்டிக்கோங்கன்னு பெரியவரு சொன்னாராம். ஒன் மாமியா அளுதாங்களாம். தெரு பூரா அதே பேச்சு."

ரெனிதா சாதத்தை மூடி வைத்தாள். தன் போனை எடுத்துக் குடும்பத்து ஃபேஸ்புக் மெசஞ்சர் குழுவில் பின்னோக்கித் தள்ளினாள். ஐந்தாம் நாள் ஜேசுராஜ் படங்கள் போட்டிருந்தார். கொலுசு படம் இருந்தது. கேக் படம் இருந்தது. நடுவில் ஒன்று இல்லை. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது. அதன் கீழே ஒன்பது பேர் போட்ட இதயங்கள் இருந்த ஞாபகம் அவளுக்கு. அது அவர் குழந்தையின் வாயில் முத்தமிடும் படம். ஜெர்வினை எடுக்கச் சொல்லி, அவரே வாங்கிப் போட்டது.

வெற்றிலை வெந்த வாய்க்கு எதற்குப் படத்தை அழிக்க வேண்டும்?

மாலையில் ஜெர்வின் வந்தான். அவள் கையை நீட்டினாள். "ஒன் போன குடு. கேலரில கீதா பாக்கணும்."

அவன் போனைக் கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தான். "கீது."

"பாத்தியா?"

"டாக்டர் கேட்டாங்கன்னு நீ சொன்னியே, அன்னிக்கே பாத்தேன். ஒதட்டுல புண்ணு தெளிவாத் தெரியுது."

"அப்போ அத்தை ஹாஸ்டலப் பத்திக் கேட்டப்ப?"

"அவரு இல்லன்னா நான் இல்ல ரெனி. அவராண்ட போயி நான் எப்படி..."

ரெனிதா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தப் படத்த எனக்கு அனுப்பு. அனுப்பிட்டுக் கெளம்பு" என்றாள். அவன் அனுப்பினான். ஆனால் கிளம்பவில்லை. இரவு முழுக்க வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் போய்க் கூப்பிடவுமில்லை.

மருந்து வேலை செய்தது. சிகிச்சையின் பத்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து வெளிச்சத்தைத் தேடியது. பதினாறாம் நாள் குழாயை எடுத்துவிட்டு மார்பில் போட்டார்கள். சப்பிக் குடித்தது. பொருக்கெல்லாம் உதிர்ந்து, இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ரெனிதா கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

இருபத்தொரு நாள் முடிந்ததும் அவள் அயனம்பாக்கத்துக்குப் போகவில்லை. அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. அப்பா பூந்தமல்லியில் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருந்தார். அங்கே போனாள். குக்கர் வைக்கத் தெரியாத மனிதர், மகளுக்காகப் பூண்டு உரிக்கக் கற்றுக்கொண்டார். ஜெர்வின் தினமும் ஷிஃப்ட் முடிந்து வருவான். வீட்டிலும் தொடரச் சொல்லியிருந்த வாய் மருந்தை அளந்து குழந்தைக்கு ஊட்டுவான். அவளும் தடுக்கவில்லை, பேசவும் இல்லை.

எட்டாவது வாரம் ரத்தம் கொடுத்தாள். முடிவு வர இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் நிரபராதி என்று தனக்கே தெரிந்த ஒரு விஷயத்துக்கு ஒரு தாளுக்காகக் காத்திருப்பது எத்தனை கேவலம்! தாள் வந்தது. எதிர்ப்பொருள் இல்லை. இரு வகைக்கும் இல்லை.

அந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அன்பியம் ஜெயகுமாரி வீட்டில்தான். பதினெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரெனிதா குழந்தையோடு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். செபமாலை முடியும்வரை அவளும் சேர்ந்து சொன்னாள். பிறகு ஜேசுராஜ் தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரோட கிருபையால நம்ம பேத்தி பொழச்சிக்கினா. வர்ற மாசம் ஞானஸ்நானம். ஞானத் தகப்பனா நானே நிக்கலாம்னு இருக்கேன். நடந்தத மன்னிச்சு, மறந்து..."

"யாரு யார மன்னிக்கிறது மாமா?"

ரெனிதா எழுந்தாள். இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் பாயின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் போனை வைத்தாள். திரையில் அந்தப் படம்.

"இது என் ரத்தம். ரெண்டு தடவ பாத்தாச்சு. எனக்கு இந்த நோய் வந்ததே இல்ல. இது பாப்பாவோட அஞ்சாம் நாள். ஒதட்டப் பெருசு பண்ணிப் பாருங்க."

யாரோ ஒருத்தி போனை எடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"சபையில வெச்சுப் பெரியவன அவமானம் பண்றியா நீ?" ஜேசுராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் இன்னா கெட்ட எடத்துக்கா போய் வந்தேன்?"

"இல்ல மாமா. இது ஊர்ல பாதிப் பேருக்கு மேல கீது. சின்ன வயசுல யாரோ ஒங்களுக்குப் பாசமா முத்தம் குடுத்திருப்பாங்க, அதுல வந்திருக்கும். அதுல தப்பே இல்ல. தெரியாம பாப்பாவுக்குக் குடுத்தீங்க, அதக்கூட பொறுத்துக்குவேன். ஆனா படத்த அழிச்சீங்களே, அது தெரிஞ்சு பண்ணது. அத அழிச்சிட்டு வந்து, இதே பாயில ஒக்காந்துகினு, தாயி பண்ண தப்புன்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

அவர் ஜெர்வினைப் பார்த்தார். வளர்த்த பிள்ளை வாயைத் திறக்க மாட்டான் என்ற தைரியம் அந்தப் பார்வையில் இருந்தது.

ஜெர்வின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "படம் என் போன்ல இருந்துச்சு பெரியப்பா. நான் அன்னிக்கே பாத்துட்டு வாய மூடிகினு இருந்தேன். ஒங்களுக்குப் பயந்துகினுதான். அவ சொல்றது அத்தினியும் உண்ம."

ஜேசுராஜ் செபப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்கு இன்னாம்மா தெரியும், அவரு படிச்சுச் சொன்னாரு..."

"தெரியாதுல்ல அத்தை? தெரியாதத அழுதுகினே பதினெட்டுப் பேராண்ட சொன்னீங்க. இப்போ தெரிஞ்சிடுச்சு. இதையும் அந்தப் பதினெட்டுப் பேராண்டயே சொல்லுங்க. நீங்க சொன்னப்புறம்தான் இந்த ஊட்ல நான் காலு வெப்பேன்."

அன்று அவள் பூந்தமல்லிக்கே திரும்பிப் போனாள். அடுத்த ஞாயிறு ஜெயகுமாரி சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறு, வேறொரு வீட்டில், தலை குனிந்து, திக்கித் திணறி, "என் மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று சொன்னாளாம். முழுசாகச் சொன்னாளா, பாதியை விழுங்கினாளா என்று ரெனிதாவுக்குத் தெரியாது. மங்களம்தான் போனில் சொன்னாள்.

ஞானஸ்நானம் நடந்தது. ரெனிதாவின் அம்மா பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்: ஹெலினா. ஞானத் தகப்பனாக நின்றது, வெளியூரில் வேலை பார்க்கும் ரெனிதாவின் அண்ணன். ஜேசுராஜ் வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் அவர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இதுவரை ஒரு வார்த்தை, 'தப்பு' என்ற ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை.

ரெனிதா மறுபடி அயனம்பாக்கத்தில்தான் இருக்கிறாள். வேலைக்கும் போகிறாள். குழந்தைக்குக் கண்ணும் காதும் சோதித்தாயிற்று; குறையில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இனி கோபத்தை விட்டுவிடலாமே என்று பங்குப் பெண்கள் சிலர் அவளிடம் சொல்லிப் பார்த்தார்கள். "பொழச்சது மருந்தால" என்றாள் அவள். "என் கோவம் நோவு மேல இல்ல."